பழைய எட்சிங்கைப் பார்க்கும் முறை: தாளில் தொடங்கி, படத்தில் முடிக்க

எட்சிங் என்பது உலோகத் தகட்டில் அமிலம் அரித்த கோடுகளில் மை நிரப்பித் தாளில் எடுக்கும் அச்சுப்படம். பழைய எட்சிங் ஒன்றைக் கையில் கொடுத்தால் புதியவர்கள் நேராகப் படத்துக்குள் போய்விடுகிறார்கள். யார் நிற்கிறார்கள், என்ன கதை, முகத்தில் என்ன பாவம் என்று கண் அங்கே ஒட்டிக்கொண்டால் பிறகு தாளின் பக்கம் திரும்புவதே இல்லை. ஆகவே இங்கே படம் கடைசிப் படி. தாள், விளிம்பு, கோடு, தகட்டின் நிலை, பிரதியின் தரம் எல்லாம் முடிந்த பிறகுதான் அதற்கு வருகிறோம்.

ஒரே செப்புத் தகட்டில் எடுத்த இரண்டு பிரதிகளை ஒன்றென்று சொல்ல முடியாது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1669இல் இறந்தார்; அவருடைய தகடுகள் சிலவற்றிலிருந்து 1906இலும் பிரதி எடுத்தார்கள். படம் அதேதான். ஆனால் தகடு தேய்ந்திருக்கிறது, வேறு கைகள் அதில் கோடு சேர்த்திருக்கின்றன, தாள் மாறியிருக்கிறது. உங்கள் முன் இருப்பது இதில் எது என்று தெரியாமல் ‘அழகாக இருக்கிறது’ என்றோ ‘மங்கலாக இருக்கிறது’ என்றோ சொன்னால், அது ஓவியரைப் பற்றிய பேச்சா தேய்ந்த செம்பைப் பற்றிய பேச்சா என்பது தெரியாது.

உதாரணங்கள் பெரும்பாலும் ரெம்பிராண்டுடையவை. அவருடைய பிரதிகளை ஆராய்ந்த அளவுக்கு வேறொருவருடையதை ஆராய்ந்ததில்லை. ரைக்ஸ்மியூசியம், பிரிட்டிஷ் மியூசியம், மெட்ரோபாலிட்டன் ஆகிய அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் ஒரே தகட்டின் பல பிரதிகளைப் பெரிதாக்கிப் பார்க்கவும் முடியும்.

1. எடுத்துவைக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணருகே பிடிக்கும் சிறு உருப்பெருக்கி) ஒன்று போதும். இருபது மடங்கு வாங்காதீர்கள். அதில் கோட்டின் ஒரு துண்டுதான் தெரியும், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்தொடர முடியாது. பழைய எட்சிங்கில் பாதி விடை அந்தத் தொடக்கத்திலும் முடிவிலும்தான் இருக்கிறது.

மில்லிமீட்டர் குறித்த பிளாஸ்டிக் ஸ்கேல், ஒரு சிறிய டார்ச், மெல்லிய எல்.இ.டி. ஒளிப்பலகை, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், பென்சில் ஆகியவையும் வேண்டும். ஸ்டீல் ஸ்கேலும் பேனாவும் மேசையிலேயே இருக்கக் கூடாது.

பார்க்கப்போகும் தகட்டின் அட்டவணை எண்ணை முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள். ரெம்பிராண்டின் எட்சிங்குகளுக்கு, அவற்றைப் பட்டியலிட்ட ஆடம் பார்ட்ஷ் 1797இல் போட்ட எண்களே இன்றும் பேச்சு வழக்கு: ‘மூன்று சிலுவைகள்’ பார்ட்ஷ் 78, ‘நூறு கில்டர் அச்சு’ பார்ட்ஷ் 74. நிலைகளின் (தகட்டில் மாற்றம் செய்யும்தோறும் வரும் வடிவங்களின்) விவரத்துக்கு 2013இல் வெளிவந்த நியூ ஹோல்ஸ்டைன் அட்டவணையைப் பாருங்கள். பழைய புத்தகங்களின் நிலைக் கணக்கு பல இடங்களில் திருத்தப்பட்டுவிட்டது.

2. தகட்டில் என்ன நடக்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள் ஐந்தாம் படியில் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு வேலையும் தாளில் ஒரு தடயத்தை விடுகிறது. வேலை தெரியாவிட்டால் தடயம் கண்ணில் படாது.

சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள செப்புத் தகட்டை மெருகேற்றி, மெழுகும் பிசினும் நிலக்கீலும் கலந்த பூச்சை மெல்லியதாகப் பரப்புவார்கள். மெழுகுத் திரியின் புகையைக் காட்டிப் பூச்சைக் கறுப்பாக்குவார்கள். பிறகு ஊசியால் வரைவார்கள். ஊசி பூச்சை மட்டும் விலக்கினால் போதும், செம்பை வெட்ட வேண்டியதில்லை. அதனால்தான் எட்சிங் கோடு பேனாக் கோடு மாதிரி சுற்றும், வளையும், கிறுக்கும்.

அடுத்தது அமிலம். பூச்சு விலகிய இடத்தில் மட்டும் அமிலம் செம்பைத் தின்னும். மெல்லிய கோடு போதும் என்ற இடத்தைச் சில நிமிடங்களில் வெளியே எடுத்து வார்னிஷால் மூடிவிட்டு, மற்றதை மறுபடி அமிலத்தில் இறக்குவார்கள். கோட்டின் கருமை கையின் அழுத்தத்தால் வருவதில்லை. அது அமிலத்தில் கிடந்த நேரத்தைச் சொல்கிறது. பிரெஞ்சு எட்சிங் கலைஞர் ஜாக் கல்லோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடினமான வார்னிஷைப் பூச்சாக்கியதும் இதற்காகவே. பூச்சு உரியாமல் நின்றதால் பல தடவை மூடி மூடி அரிக்க முடிந்தது. தூரத்து மனிதர்கள் நூலிழைக் கோட்டிலும் முன்னால் நிற்பவர்கள் தடித்த கோட்டிலும் வந்தார்கள். இதற்கு மாறாக, ஜெர்மானிய ஓவியர் டூரர் 1515 முதல் 1518 வரை இரும்புத் தகட்டில் செய்த ஆறு எட்சிங்குகளில் அரிப்பு ஒரே ஆழம். ‘பீரங்கியுள்ள நிலக்காட்சி’யில் மலையும் பீரங்கியும் ஏறக்குறைய ஒரே கனத்தில் நிற்பது அதனால்தான்.

பூச்சு சரியாக ஒட்டாத இடத்தில் அமிலம் கசிந்து நுழைந்தால் புள்ளிப்புள்ளியாக அரிக்கும். இதைப் பிறகு தாளின் கறை என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். லூப்பில் பார்த்தால் அந்தப் புள்ளிகளில் மை இருக்கும். கறையில் மை இருக்காது.

கடைசியில் பூச்சைக் கழுவிவிட்டு, தகடு முழுக்க மையைத் தேய்த்துப் பள்ளங்களில் இறக்கி, கஞ்சி போட்ட வலைத்துணியால் மேற்பரப்பைத் துடைப்பார்கள். முடிவில் சுண்ணப்பொடி தொட்ட உள்ளங்கையால் ஒரு துடைப்பு. ஈரத்தாளை மேலே வைத்து, கம்பளி விரித்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தினால் தாள் பள்ளத்துக்குள் புகுந்து மையை அள்ளிக்கொண்டு வரும். அதனால் மை தாளின்மேல் மேடாக நிற்கும். தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதியும்.

இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் சட்டென்று பிடிபடும். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் வட்டார மையத்தில் கிராஃபிக் பட்டறை இருக்கிறது. கவின்கலைக் கல்லூரிகளிலும் எட்சிங் பிரஸ் உண்டு. யாராவது துடைத்து அச்செடுக்கும் நேரம் பார்த்துப் போங்கள்.

3. தாளைத் தொடும் விதம்

கையைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக உலரவிட்டுத் தொடுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம்: தாளின் கனம் விரலுக்குத் தெரியாது, மூலை மடங்கிக் கிழிவதே அதனால்தான். கை வியர்க்கும் ஊர்க்காரர்கள் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளலாம்.

எதிரெதிர் மூலைகளை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்குங்கள். அச்சான பகுதியில் விரல் வைக்காதீர்கள். மை மேட்டை விரலால் தடவிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த மேடு நசுங்கினால் திரும்ப எழாது.

4. விளிம்பும் அளவும்

டார்ச்சை மேசையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்து, நான்கு பக்கமும் தகட்டுத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் உள்ளளவை உயரம், அகலம் என்ற வரிசையில் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம். ஈரத்தில் நீண்ட தாள் காயும்போது சுருங்கும். அதுவும் இரு திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. ஐந்தாறு மில்லிமீட்டர் குறைந்தால் கேள்வி கேளுங்கள்: தகடு வெட்டப்பட்டதா, தாள் வெட்டப்பட்டதா, இல்லை இது வேறொரு நகல் தகடா?

தடமே இல்லை என்றால் போலி என்று முடிவு கட்டுவது புதியவர்களின் முதல் தவறு. பழைய சேகரிப்பாளர்கள் தகட்டுத் தடத்தை ஒட்டியோ அதற்கு உள்ளேயோ தாளை நறுக்கி ஆல்பத்தில் ஒட்டுவது வழக்கமாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டுப் பிரதிகளில் அகலமான ஓரம் உள்ளதுதான் அபூர்வம். தடம் இருப்பதும் எதையும் நிரூபிக்காது; வெற்றுத் தகட்டை வைத்து அழுத்தினாலும் தடம் விழும்.

5. கோடு எந்த வகை?

நெருக்கமான நிழலை விட்டு ஒதுங்கி நிற்கும் ஒரு தனிக் கோட்டைத் தேர்ந்தெடுங்கள். லூப்பை அதன் தொடக்கத்தில் வைத்து முடிவுவரை நகர்த்துங்கள். முனை, ஓரம், கனம் மூன்றையும் பாருங்கள்.

எட்சிங் கோட்டின் முனை மொண்ணையாக, உருண்டையாக முடியும். அமிலம் ஓரத்தைச் சமமாகத் தின்னாததால் ஓரம் லேசாக நெளியும். தொடக்கத்திலிருந்து கடைசிவரை கனம் பெரிதாக மாறாது.

எங்கிரேவிங் கோட்டைப் பியூரின் என்ற எஃகு உளி செம்பில் உழுது எடுக்கிறது. உளி இறங்கும்போதும் ஏறும்போதும் பள்ளம் குறுகுவதால் இரு முனையும் கூராகும், நடுவில் புடைக்கும். ஓரம் கத்தியால் வெட்டியது மாதிரி சுத்தம். வளைவுகள் நிதானமாக, ஒழுங்காக வரும், கையெழுத்துபோலத் துள்ளாது.

டிரைபாயிண்ட் கோடு கூரிய ஊசியால் நேரடியாகச் செம்பைக் கீறியது. கீறும்போது விலகும் செம்பு ஓரத்தில் பிசிராக எழும்பி நிற்கும். கடைசல் பட்டறைக்காரர் அரம் போட்டு எடுத்துவிடும் அதே பிசிர்தான். இங்கே வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். பிசிர் மையைப் பிடித்துக்கொள்வதால் கோட்டைச் சுற்றி வெல்வெட் போல ஒரு கறுப்பு படரும். லூப்பில் அந்தக் கறுப்புக்கு நடுவே சில இடங்களில் மெல்லிய வெள்ளைக் கீற்று ஓடும்: பிசிரின் முகடு தாளோடு ஒட்டி நின்ற இடம் அது.

அந்தப் பிசிர் உருளையின் அழுத்தத்தில் பத்திருபது பிரதிகளுக்குள்ளேயே மழுங்கத் தொடங்கிவிடும். அமிலத்தில் அரித்த கோடு நூற்றுக்கணக்கான பிரதிகள் தாங்கும். இரண்டும் கலந்த தகட்டில் டிரைபாயிண்ட் பகுதி மட்டும் வெளிறிப் போய், எட்சிங் பகுதி திடமாக நிற்கும். எட்டாம் படிக்கு இதை நினைவில் வையுங்கள்.

இங்கே வழுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, கல்லோவின் எஷோப் என்ற சாய்ந்த முனை ஊசி. அதைத் திருப்பித் திருப்பி வரைந்தால் எட்சிங் கோடும் புடைத்துக் குறுகும், எங்கிரேவிங் என்றே தோன்றும். அப்போது முனையை நம்பாமல் ஓரத்தைப் பாருங்கள். மற்றொன்று, ஒரு தகட்டில் ஒரே உத்திதான் இருக்கும் என்ற நினைப்பு. ‘நூறு கில்டர் அச்சு’ எட்சிங், டிரைபாயிண்ட், பியூரின் மூன்றும் கலந்தது. ஒரு கோட்டைப் பார்த்து முடிவு சொல்லாமல், வெளிச்சத்தில் ஒன்று, நிழலில் ஒன்று, பின்னணியில் ஒன்று என்று மூன்று இடமாவது பாருங்கள்.

அச்சுப் போலிகளும் இந்தப் படியிலேயே உதிர்ந்துவிடும். கோடு புள்ளிகளாகச் சிதறினால் ஆஃப்செட் அச்சு. பல நிறப் புள்ளி தெரிந்தால் இங்க்ஜெட். 19ஆம் நூற்றாண்டின் ஹீலியோகிராவூர் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். அதுவும் தகட்டில் அரித்து, ஈரத்தாளில் எடுத்ததுதான், தடமும் மேடும் இருக்கும். பாரிஸின் அமான்-துராண்ட் வெளியிட்ட ரெம்பிராண்ட் நகல்கள் இந்த வகை. அவற்றின் பின்புறம் சிவப்பு முத்திரை இட்டிருப்பார்கள். அதைச் சுரண்டி எடுத்த தாள்களும் சுற்றுகின்றன. சாய்வு வெளிச்சத்தில் மெல்லிய கோடும் தடித்த கோடும் ஒரே உயரத்தில் நின்றால், நுண்கோடுகள் நடுநடுவே அறுந்திருந்தால், அருங்காட்சியகப் படத்தைத் திறந்து கோட்டுக்குக் கோடு ஒப்பிடுங்கள்.

6. தாள்

ஒளிப்பலகையில் வைத்துப் பாருங்கள். ஐரோப்பியக் கைத்தாளில் நெருக்கமான நுண்வரிகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறத்தாழ 25 மி.மீ. இடைவெளியில் சங்கிலிக் கோடுகளும் தெரியும். தாள் செய்யும் கம்பிச் சட்டத்தின் தடம் அது. வரியே இல்லாத சீரான ஐரோப்பியத் தாள் 1750களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதில் ஒரு ரெம்பிராண்ட் கிடைத்தால் அவர் காலத்துப் பிரதி இல்லை என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

அவசரம் வேண்டாம், ஜப்பான் தாள் ஒன்று இருக்கிறது. 1640களின் பின்பகுதியிலிருந்து ரெம்பிராண்ட், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் வந்த ஜப்பானியத் தாளில் பல பிரதிகள் எடுத்தார். அது வழவழப்பாக, இளமஞ்சளாக, லேசான பளபளப்போடு இருக்கும். வரிகள் கண்ணில் படாமலே போகலாம். மையை உறிஞ்சாமல் மேலே நிறுத்தும். ‘வரி இல்லை, ஆகவே புதுத் தாள்’ என்று சொல்லி நல்ல பிரதிகளை ஒதுக்கிவிடாதீர்கள்.

நீர்க்குறி (வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் ஆலைச் சின்னம்) கிடைத்தால் பென்சிலில் அளவோடு வரைந்துகொள்ளுங்கள்; சங்கிலிக் கோடுகளிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் குறியுங்கள். மணி தொங்கும் கழுத்துப்பட்டையுள்ள கோமாளித் தலை, ஆம்ஸ்டர்டாம் நகரச் சின்னம், ஸ்ட்ராஸ்பர்க் அல்லி ஆகியவை அடிக்கடி வருபவை. ‘கோமாளித் தலை இருக்கிறது, ஆகவே 17ஆம் நூற்றாண்டு’ என்பது போதாது. அந்தக் குறியை எத்தனையோ ஆலைகள் போட்டன. ஒரே கம்பிச் சட்டத்திலிருந்து வந்த குறி என்று அளவு பொருந்தினால்தான் பயன். ஒரு கட்டுத் தாள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், பொருந்தும் குறியுள்ள பிரதிகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் எடுத்தவையாக இருக்கும்.

சிறிய தகடுகளுக்கு முழுத்தாளை வெட்டித் துண்டாக்கித்தான் அச்சிட்டார்கள். குறி விழுந்த துண்டு சிலருக்கே கிடைக்கும். நீர்க்குறி இல்லாதது குறையே இல்லை.

புற ஊதா விளக்கில் தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதித் தாள். மேலே பார்க்கத் தேவையில்லை.

7. தகட்டின் நிலை

தகட்டில் செய்த மாற்றம் பிரதியில் தெரிந்தால் அது ஒரு புது நிலை. மை கூடுதலாகப் பூசியதோ, தாளை மாற்றியதோ புது நிலை ஆகாது. நிலையையும் பதிப்பையும் (ஒரு தடவையில் அச்சிட்ட தொகுதி) போட்டுக் குழப்பிக்கொள்வது பரவலான தவறு.

அட்டவணையை முதல் நிலையிலிருந்து படித்துக்கொண்டு வராதீர்கள். கடைசி நிலையில் தொடங்குங்கள். மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்பவை. கடைசி மாற்றம் உங்கள் தாளில் இருந்துவிட்டால் முந்தியவற்றைத் தேடும் வேலை மிச்சம். இல்லையென்றால் ஒரு படி பின்னால் வாருங்கள்.

‘மூன்று சிலுவைகள்’ இதற்கு நல்ல பயிற்சி. ஐந்து நிலைகள். கீழ்ப்பகுதியில் பதிப்பாளர் ஃபிரான்ஸ் காரெல்ஸேயின் பெயர் இருந்தால் ஐந்தாவது. பெயர் இல்லாமல், இரு பக்கமும் கனத்த கோடுகள் திரைபோல இறங்கி, இடப்பக்கம் உயரமான தொப்பி வைத்த குதிரைவீரன் நின்றால் நான்காவது. அந்த வீரனும் இல்லை, கையொப்பமும் 1653 என்ற ஆண்டும் உண்டு என்றால் மூன்றாவது. அதுவும் இல்லையா, முதல் இரண்டில் ஒன்று. நறுக்கிய தாளில் கீழோர எழுத்து போயிருக்கலாம், ஆகவே எழுத்தில்லை என்பதை மட்டும் வைத்து முந்திய நிலைக்குத் தாவாதீர்கள்.

மூன்றாவதையும் நான்காவதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிறிது நேரம் செலவிடுங்கள். மூன்றாவதில் மேலிருந்து ஒளி கூம்பாக இறங்குகிறது. கூட்டத்தில் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லலாம். நான்காவதில் ரெம்பிராண்ட் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதியைச் சுரண்டி, தேய்த்து, ஸ்கேல் வைத்தது போன்ற நேர்க்கோடுகளால் மூடிவிட்டார். சுரண்டியும் முழுதாகப் போகாத பழைய உருவங்கள் லூப்பில் ஆவிபோலத் தெரியும். குதிரைவீரனை இத்தாலியக் கலைஞர் பிசனெல்லோவின் பதக்கம் ஒன்றிலிருந்து எடுத்தார். நான்காவதுதான் உயர்ந்தது என்று சொல்பவர்கள் அதிகம். கூட்டத்தை இழந்தது நஷ்டம் என்பதே இந்த வழிகாட்டியின் பக்கச்சார்பு.

1655இல் செய்த ‘கிறிஸ்துவை மக்கள் முன் நிறுத்துதல்’ எட்டு நிலைகள். அதில் பிந்திய நிலைகளுக்கு வரும்போது மேடைக்கு முன் நின்ற கூட்டம் மொத்தமாக அழிக்கப்பட்டு, அந்த இடத்தில் இரண்டு இருண்ட வளைவுகள் வந்துவிடும்.

8. பிரதியின் தரம்

நிலை தெரிந்த பிறகும் கேள்வி மிச்சம் இருக்கிறது: அந்த நிலையிலேயே இது முன்னால் எடுத்ததா, பின்னால் எடுத்ததா? தூரம் நிற்கும்போது தெரியாது. லூப்போடு மூன்று இடங்களுக்குப் போங்கள்.

முதலில் மிக மெல்லிய கோடுகள். தூரத்து மரம், கன்னத்து நிழல், மேகம். ஆழம் குறைந்த பள்ளம் முதலில் தேயும். தகடு களைத்துப்போனால் இவை அறுந்து, புள்ளிவரிசையாகி, காணாமல் போகும்.

அடுத்து மிக அடர்ந்த இருட்டு. முந்திய பிரதியில் அந்தக் கறுப்புக்குள்ளேயே கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தாள் கீற்றுக்கீற்றாகத் தெரியும். பிந்தியதில் பள்ளங்களுக்கு நடுவிலிருந்த மெல்லிய செம்புச் சுவர் தேய்ந்து விழுந்திருக்கும். மை நிற்க இடமில்லாமல் அங்கே சாம்பல் நிறம் பரவும். கறுப்பாக இருக்க வேண்டிய இடம் பக்கத்து நிழலைவிட வெளிறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மூன்றாவது டிரைபாயிண்ட் பகுதி. பிசிர் வெல்வெட்டாக இருக்கிறதா, வெறும் சாம்பல் கீறலா?

ஓரங்களையும் ஒரு பார்வை பாருங்கள். தகட்டின் விளிம்பு மழுங்காத முதற்காலப் பிரதிகளில் தடத்தின் கரடான ஓரத்தில் மை சிக்கியிருக்கும். வெறுமையான வானத்தில்கூட மெருகேற்றியபோது விழுந்த நுண்கீறல்கள் அச்சாகியிருக்கும். இந்த அழுக்கைக் குறை என்று நினைத்துப் பளிச்சென்ற பிரதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். கீறல் பத்திருபது தடவை துடைத்தாலே போய்விடும் என்பதால் அது இருப்பது நல்ல செய்தி.

ஏமாற்றும் இடம் மை. தேய்ந்த தகட்டில் மையை அப்பி, துடைக்காமல் படலமாக விட்டு அச்சிட்டால் கை நீட்டும் தூரத்தில் கம்பீரமாகத் தெரியும். லூப்பில் கோடு இருக்காது, படலம்தான் இருக்கும். அதற்காக மைப்படலம் என்றாலே மோசடி என்றும் சொல்ல முடியாது. 1654ஐ ஒட்டிய ‘அடக்கம்’ தகட்டை ரெம்பிராண்டே ஒரு தடவை சுத்தமாகத் துடைத்தும், மறுதடவை கல்லறை முழுக்க இருளும்படி மையை விட்டும் அச்சிட்டார். படலம் படத்தின் ஒளியைப் பின்பற்றுகிறதா, இல்லை எங்கும் ஒரே மாதிரி அப்பியிருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

பிற்காலத்தவர் திருத்திய தகடு இன்னொரு சிக்கல். ‘நூறு கில்டர் அச்சின்’ தேய்ந்த தகட்டை 1775இல் கேப்டன் வில்லியம் பெய்லி வாங்கி, மறுபடி கோடு போட்டு அச்சிட்டார். பிறகு தகட்டை நான்காக வெட்டித் துண்டுகளிலிருந்தும் பிரதி எடுத்தார். வேறு பல ரெம்பிராண்ட் தகடுகள் பாரிஸில் வத்தலே என்ற சேகரிப்பாளரிடமிருந்து 1786இல் பசான் என்ற வியாபாரிக்குப் போய், தொகுப்பாக விற்பனையாயின. திருத்திய கோடுகள் அடியில் கிடக்கும் பழைய கோட்டின் போக்கில் போகாது. இடைவெளி சீராக, கை இறுகி, பயந்து பயந்து போட்டது மாதிரி தெரியும்.

9. எழுத்து, முத்திரை, பின்புறம்

தகட்டிலுள்ள லத்தீன் சொற்களுக்கு நிலையான பொருள் உண்டு. இன்வெனிட் என்றால் படத்தைக் கற்பனை செய்தவர், பிங்ஸிட் என்றால் மூல ஓவியத்தைத் தீட்டியவர், ஸ்கல்ப்ஸிட் என்றால் தகட்டில் வெட்டியவர், எக்ஸ்குடிட் என்றால் பதிப்பாளர். ஃபெசிட் ‘செய்தார்’ என்பதோடு நிற்கும். எக்ஸ்குடிட் முன்னால் உள்ள பெயரை ஓவியர் பெயராக எழுதிவைத்த பழைய மவுண்டுகள் (பிரதியைப் பொருத்திவைக்கும் அட்டைகள்) ஏராளம்.

ஓரத்தில் பென்சில் கையொப்பமும் 12/50 போன்ற எண்ணும் இருந்தால், அது பழைய பிரதி இல்லை. அந்த வழக்கமே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது.

பின்புறத்தில் சின்னஞ்சிறு முத்திரைகள் இருந்தால் அவை சேகரிப்பாளர் குறிகள். ஃபிரிட்ஸ் லுக்ட் 1921இல் அவற்றுக்கு எண் கொடுத்து அட்டவணை போட்டார். அது இப்போது இணையத்தில் தேடும்படி கிடைக்கிறது. அருங்காட்சியக முத்திரை இருந்தால், கூடவே உபரிப் பிரதியாக விற்றதற்கான குறியும் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாவிட்டால் திருட்டுப் பொருளாக இருக்க வாய்ப்புண்டு.

10. சேதமும் ஒப்பனையும்

ஒளிப்பலகையில் மீண்டும் ஒருமுறை வையுங்கள். வெளிச்சம் அதிகம் கசியும் இடம் பழைய பசையை உரித்ததில் மெலிந்த இடம். வெளிச்சமே வராத திட்டு ஒட்டுப்போட்டது. முழுத்தாளையும் வேறு தாளில் ஒட்டியிருந்தால் அதை ஒரு குறையாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது எதை மறைக்கிறது என்று பார்க்க வழியில்லை.

கிழிந்த மூலையில் கோடுகளைப் பேனாவால் வரைந்து நிரப்பியிருப்பார்கள். சாய்வு வெளிச்சத்தில் அச்சுமை மேடாக நிற்கும், பேனா மை தாளுக்குள் ஊறிச் சப்பென்று கிடக்கும். மேடே எங்கும் இல்லையென்றால் தாளைக் கழுவி அழுத்தித் தட்டையாக்கியிருக்கிறார்கள்.

நம் கடலோர ஊர்களில் பழுப்புப் புள்ளிக்கு ஈரப்பதமே காரணம். 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்தால் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் அடங்கியிருக்கும். அந்துருண்டையைத் தாளோடு சேர்த்துப் போடாதீர்கள். சட்டமிட்டால் கண்ணாடி தாளைத் தொடாதபடி ஜன்னல் மவுண்ட் வையுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். ஜப்பான் தாள் கீலும் கோதுமைக் கஞ்சியும் போதும். சுவரில் மாட்டினால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது, அதாவது மங்கலான அறை.

11. இனிப் படம்

இப்போது லூப்பைக் கீழே வைத்துவிட்டு, கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். முதலில் வெள்ளையைத் தேடுங்கள். எட்சிங்கில் வெள்ளை என்பது ஊசி தொடாமல் விட்ட இடம். எங்கெல்லாம் விட்டிருக்கிறார், அதன் ஓரத்தை எந்தக் கோடு காக்கிறது என்று தொடருங்கள். அதன்பின் எத்தனை ஆழங்களில் அரித்திருக்கிறார் என்று எண்ணுங்கள். நல்ல தகட்டில் மூன்று நான்கு தனித்தனி கருமைகளைப் பிரித்துச் சொல்ல முடியும். எந்த ஆழம் யாருக்குக் கிடைத்திருக்கிறது என்பதில்தான் ஓவியரின் எண்ணம் வெளிப்படும்.

படம் இடவலம் மாறியிருப்பதையும் மறக்கக் கூடாது. சுமார் 1640இல் எடுத்த ‘ஆம்ஸ்டர்டாம் காட்சி’யில் நகரமே கண்ணாடியில் பார்த்தது மாதிரி திரும்பியிருக்கிறது. 1650இன் ‘சங்கு’ இன்னும் சுவையானது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் கிடைக்கும் பளிங்குக் கூம்புச் சங்கைக் கையில் வைத்துக்கொண்டு ரெம்பிராண்ட் தகட்டில் அப்படியே வரைந்தார். அச்சில் சுருள் திரும்பிவிட்டது. சங்கைப் பார்த்துப் பழகிய நம்மவர் கண்ணுக்கு உடனே உறுத்தும்: இயல்பான இடம்புரி, தாளில் வலம்புரியாகிவிட்டது. ஆனால் கையொப்பத்தையும் ஆண்டையும் மட்டும் தகட்டில் திருப்பி எழுதி, அச்சில் நேராக வரச் செய்திருக்கிறார். முதல் நிலையில் பின்னணி வெறுமையாக இருக்கும். இரண்டாவதில் இருண்ட கோடுகள் வந்து சங்கை ஒரு பலகைமேல் உட்காரவைக்கின்றன.

ஆட்களை உட்காரவைத்திருக்கும் விதத்தையும் பாருங்கள். 1656இன் ‘ஆபிரகாம் வானதூதர்களை உபசரித்தல்’ தகட்டில் விருந்தினர் நாற்காலி மேசை இல்லாமல் தரையில், விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ரெம்பிராண்ட் பார்த்து நகலெடுத்த முகலாயச் சிற்றோவியம் ஒன்றில், மரத்தடியில் அமர்ந்திருக்கும் பெரியவர்களின் அமைப்பு அது.

குறிப்பு எழுதும்போதும் இதே வரிசையில் எழுதுங்கள்: அட்டவணை எண், அளவு, ஓரம், உத்தி, தாளும் நீர்க்குறியும், நிலை, தரம், முத்திரை, சேதம். படத்தைப் பற்றிய கருத்து அதற்குக் கீழே தனியாக இருக்கட்டும். அதே தகட்டின் இன்னொரு பிரதி எப்போதாவது கண்ணில் பட்டால், ஒப்பிடக் கைகொடுப்பவை மேலே உள்ள வரிகள்தான்.